நான்கு நிமிடப் பாட்டு

எனக்குப் பாட்டுக் கேட்கும் பழக்கமே கிடையாது சார். வீட்டில் ரேடியோகூட இல்லை. பெயர் சந்திரலேகா, ஊர் பிள்ளைப்பாக்கம். ஒரகடத்தில் கார் கதவுக் கீல் அடிக்கும் லைனுக்கு ஒன்பது வருஷமாக லீடர். என் போனை வாங்கிப் பார்த்துவிட்டீர்கள், இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதில் இருப்பது எங்கள் லைன் பிள்ளைகள் பாடிய பாட்டு. முத்துச்செல்வி, முப்பிடாதி, சுபஸ்ரீ, மூன்று பேரும் ஹாஸ்டலில் ஒரே அறை. பொங்கல் விழாவில் பாடினார்கள். பிறகு வாலாஜாபாத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் கடையில் பதிவுசெய்து யூடியூபில் போட்டார்கள். 'பஸ் வந்தாச்சு' என்று பெயர். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதைப் பற்றியது. லட்சம் பேர் பார்த்தார்கள். மேனேஜரிடம் கேட்டு, என் போனிலிருந்து லைன் ஸ்பீக்கரில் போடவைத்தது நான்தான். அன்றைக்கு முத்துச்செல்வி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

நான்கு நிமிடப் பாட்டு. கையால் தகட்டை வைத்து, காலால் பெடலை மிதித்தால் பிரஸ் இறங்கும். ஒரு பாட்டு முடிவதற்குள் ஒவ்வொருத்தியும் நாற்பது கீல் அடிப்பதைக் கவனித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. கையும் காலும் தானாகப் பாட்டோடு போயின.

சித்திரையில் மேனேஜர், லைன் மெதுவாகப் போகிறது, மூடிவிட்டு ரோபோ வைக்கப்போகிறோம் என்றார். முப்பத்திரண்டு பெண்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். திட்டி வேலை வாங்க எனக்குப் பிடிக்காது, பாவம், அழுவார்கள். குரல் மாறாமல் பாட்டை வேகமாக்கும் ஆப் ஒன்று கிடைத்தது. திங்கட்கிழமைதோறும் ஐந்து வினாடி குறைத்தேன். பன்னிரண்டு வாரத்தில் பாட்டு மூன்று நிமிடமானது. கீல் அதே நாற்பது. மேனேஜர் ரோபோ பேச்சையே விட்டுவிட்டார்.

ஒரு தொந்தரவு இருந்தது. கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் சென்சார், வேகம் கூடியதும் அடிக்கடி நிறுத்திக்கொண்டே இருந்தது. சாவி என்னிடம்தான். அணைத்துவைத்தேன்.

முத்துச்செல்விக்கு மட்டும் சந்தேகம் வந்தது.

"எக்கா, நாங்க இவ்வளவு வெரசலா பாடலையே. நடுவுல மூச்சு வாங்குத எடமே காணலை."

"இன்னாடி பேசற? பாட்டு அப்டியேதான் கீது. நீதான் ஸ்லோவாயிட்ட. போனப் பாத்துகினு தூங்காம கெடந்தா இப்டித்தான்."

"பயமா இருக்குக்கா. என்னைய பேக்கிங்ல போடுங்களேன்."

"போடி பைத்தியம். உன் பாட்டுக்கு உன் காலே வரலன்னா வேற எவளுக்கு வரும்?"

சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்திலும் தரையில் காலைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை பதினொன்றே கால். தகடு கொஞ்சம் விலகியிருந்தது. அவள் கை அதைச் சரிசெய்துகொண்டிருந்தது, கால் பாட்டோடு போய்விட்டது. வலது கை, நான்கு விரல். எல்லோரும் ஓடினார்கள். நான் முதலில் சென்சாரைப் போட்டேன். பிறகு பாட்டைப் பழையபடி நான்கு நிமிடமாக்கினேன். அதற்கப்புறம் அவளிடம் போனேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் கேட்டாள்.

"எக்கா, நாந்தான லேட்டு?"

"ஆமாம்மா" என்றேன். அவளுடைய கவனக்குறைவு என்று நானே எழுதிக்கொண்டுபோன தாளில் இடது கைப் பெருவிரலை வைத்தாள். கம்பெனிக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்துட்டேனேக்கா என்று அழுதாள். பரவாயில்லைடி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தலையைத் தடவினேன். அழுகை நின்றது.

அந்த நேரத்தில் அவளுக்கு ஆறுதல் சொல்ல நானாவது பக்கத்தில் இருந்தேனே சார்.