ரீஸ்லிங் கொடிக்குக் கவாத்து

லோயர் கேம்ப்பில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தேனிக்குத் திரும்பும் பேருந்தில் நின்றுகொண்டு வந்தேன். பக்கத்து இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“அந்த ஊர்ல திராட்சைக்கொடி தூங்குமாம் மதினி.”

“தூங்குமா? யாருடி சொன்னா?”

“எம் மகன்தான், அங்கன திராட்சைத் தோட்டத்துல வேலைக்கு இருக்கானே. ஜெர்மனியில பனிக்காலம் முச்சூடும் தூங்குமாம். வருசத்துக்கு ஒரே காய்ப்புதானாம். அது தெரியாம, வெள்ளைத் திராட்சையப் பறிச்ச கையோட, நம்மூரு மாதிரி இலைய உருவி ஒரு வரிசையக் கவாத்து பண்ணிட்டான்.”

“அடப்பாவி! அடுத்த காய்ப்புக்கு அம்புட்டு அவசரமாக்கும்?”

“அது ரீஸ்லிங்காம், ஒசத்தி ரகமாம். பனிக்கு முந்தி வெட்டுனா கொடி குளிரு தாங்காதுன்னு முதலாளி கோவிச்சுக்கிட்டாக. பனி முடிஞ்சு அந்த வரிசை துளுத்தா வேலையில இருக்கலாம், பட்டுப்போச்சுன்னா ஊருக்குக் கெளம்புன்னு சொல்லிட்டாக.”

“அவன் போன நாள்லருந்து, வந்துரணும் வந்துரணும்னு நீதான அழுகுற? இப்ப கோயில்ல என்னன்னு வேண்டுவ?”

தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே கூடலூர்த் தோட்டங்களில் கவாத்து முடிந்த பந்தல்கள் மொட்டையாக நின்றன. கம்பத்தில் இறங்க எழுந்தபோது சொன்னாள்.

“துளுக்கட்டும் மதினி. கொடி என்ன பாவம் பண்ணுச்சு?”