சாற்றுகவி போக மீதி

சீனிச்சாமிப் பண்டிதர்: ...அதெல்லாம் இனிச் சேக்க முடியாதும்மா. மதுரையில அச்சாகி, நேத்தே நூறு புத்தகமும் மிராசுதார் வீட்டுல வந்து எறங்கிருச்சு.

ரோசம்மாள்: ஒரே ஒரு பாட்டுத்தான் ஐயா. நாலு வரி. எங்க வீட்டுக்காரவுக பாட்டு ஏழு இருக்குல்ல, அதுக்கடியில நீங்க கையால எழுதிட்டாக்கூடப் போதும்.

பண்டிதர்: கையாலயா... ‘புதுப் புலவர் பாத்திரட்டு’ம்மா அது. சின்னமனூர்ல இருந்து இப்படி ஒண்ணு வந்ததே கெடையாது. எம்பது பக்கம்.

ரோசம்மாள்: எம்பதும் புதுப் புலவருக பாட்டா?

பண்டிதர்: மொத அம்பத்தி நாலு பக்கம் சாற்றுகவி. மிராசுதாரையும், தொகுத்த என்னையும் புகழ்ந்து பெரியவுக பாடுனது.

ரோசம்மாள்: எந்தப் பெரியவுக?

பண்டிதர்: பேரு அவுகளுது. பாட்டு... அவுகளுக்கு நேரம் கெடையாது, நானே பாடிக் குடுத்துட்டேன்.

ரோசம்மாள்: அப்ப புலவருக?

பண்டிதர்: மீதியில இருக்காக. பொடி எழுத்துல. ஆமா, அருளப்பன் எங்க? சாயந்திரம் அரங்கேத்தம், பாடுனவன் வராமப் பொண்டாட்டிய அனுப்புறான். அணை வேலையில கணக்கெழுதுனா அம்புட்டுத் தலைக்கனமா?

ரோசம்மாள்: அவுக... மலையிலதான் இருக்காக ஐயா. எறங்க முடியல.

பண்டிதர்: இருந்தாச் சரி. செத்தவன் பாட்டு ஆகாது, மங்கலம் கெட்டுரும்னு மிராசுதார் சொல்லிட்டாக. கழிச்சல் நோவுல போன ரெண்டு பேரு பாட்ட நானே கிழிச்சுப் போட்டேன்.

ரோசம்மாள்: கிழிச்சீகளா...

பண்டிதர்: அருளப்பன் பாட்டுக்குப் பங்கமில்ல. எழுத்தெழுத்தா வாசிச்சேன். அந்தச் சாரல்... என்ன ஒரு சாரல்.

ரோசம்மாள்: அது மொத வரி. கடைசி வரி ஐயா?

பண்டிதர்: அதுவும் அருமை. சரி, அந்த எட்டாவதச் சொல்லு, காதுலயாவது வாங்கிக்கிறேன்.

ரோசம்மாள்: சொல்லீருவேன்...

சாரலிலே அருளப்பன்
சாய்ஞ்சு கெடந்தான் நாலு நாளு;
வாரி மண்ணு மூடயில
மலை மேல எட்டாம் ஆளு.

பண்டிதர்: ...இது யாரு கட்டுனது?

ரோசம்மாள்: நாந்தான். அவுக போயி இருபது நாளாச்சு. உசிரோட இருக்காகன்னு நான் சொல்லலையே ஐயா. மலையில இருக்காகன்னுதான் சொன்னேன்.

பண்டிதர்: எட்டாம் ஆளுன்னா... முன்னால ஏழு?

ரோசம்மாள்: காய்ச்சல்ல செத்த கூலியாளுக. பாட்டுக்கு ஒருத்தரு. எங்க வீட்டுக்காரவுகதான் பொதைச்சாக. ஏழு பாட்டும் மண்ணு மூடுறதுலதான் முடியும். நீங்கதான் எழுத்தெழுத்தா...

பண்டிதர்: மொத வரி வாசிச்சேன்.

ரோசம்மாள்: மத்த வரி?

பண்டிதர்: சாற்றுகவி பாடவே பொழுது சரியாப் போச்சு. மொத வரியில பாட்டுக்கொரு பேரு இருந்துச்சு. பாட்டுடைத் தலைவனுகளாக்கும்னு நெனச்சேன். மிராசுதாருக்கு ஏழு மகன்மாரு...

ரோசம்மாள்: அதுக்கென்ன?

பண்டிதர்: அவன் எழுதுன பேர எடுத்துட்டு, மகன்மாரு பேரப் போட்டுட்டேன். சாயந்திரம் ஏழு பேரையும் வரிசையா உக்கார வச்சு, நாந்தான் வாசிக்கணும். பொன்னாடை வேற வாங்கி வச்சிருக்காக.

ரோசம்மாள்: அவுக எழுதுன தாளு எங்க ஐயா?

பண்டிதர்: அச்சுக்கோத்தாச்சு, அங்கனயே அடுப்பெரிச்சிருப்பாக. நான் உசுரு போகக் கெடக்கேன், நீ தாளக் கேக்குற.

ரோசம்மாள்: மலையில கல்லோ சிலுவையோ எதுவும் நடல ஐயா. அந்த ஏழு பேரு பேரும் இருந்தது அந்தத் தாள்ல மட்டுந்தான். எனக்கு ஒச்சாண்டி, சின்னப்பன்... ரெண்டுதான் நெனப்பிருக்கு.