கரடிக்குள்ளே ஒரு ஆள்

— கதவை எதுக்குச் சாத்துறே?

— வெளியில ஆளுங்க வேலை பாக்குறாங்க. உனக்கு விழப்போற திட்டு அவங்க காதுல விழ வேண்டாம்னுதான். எந்திரி. நாற்காலியை விடு.

— அண்ணா, நான் பாதி வேலையில இருக்கேன்.

— எந்திரிடின்னா! பெரிய ஓவியப் புலி. திரையில இந்தக் கரடியைப் பாரு. என்ன பண்ணுது?

— படிக்கட்டுல இறங்கி வருது. நின்னு தேன் குடத்தை நக்குது.

— நம்ம கேம்ல வர்ற சின்னப் பொண்ணு எங்க நிக்கிறா?

— ரெண்டு படி கீழ.

— கரடி கை அவ மேல பட்டுச்சா?

— இல்ல.

— அப்புறம் எப்படிடி செத்தா?

— அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.

— என்னத்தைப் பாத்தே? விளையாடிப் பாக்கக் குடுத்த அத்தனை பேரும் இதையேதான் எழுதியிருக்காங்க. கரடி தொடாமலே கொல்லுதாம். சாயந்திரம் கேம் வெளிய போகணும், ஞாபகம் இருக்குல்ல? மவுஸைக் குடு.

— அந்தப் பக்கம் இழுக்காதே, வயர் அந்துடும்.

— எனக்கு இந்தப் பக்கம் வச்சாத்தான் வரும், உனக்கென்ன புதுசா? ம், இப்பப் பாரு. அடி விழற கட்டம் சிவப்பாத் தெரியுதா? கரடி என்னவோ முட்டியளவுதான். கட்டம் எவ்வளவு?

— ஆறடி.

— ஆறடி ஆளு, கையில பெல்ட்டு வேற நீட்டிக்கிட்டு! படத்தை மாத்தச் சொன்னா படத்தை மட்டும் மாத்திட்டு கையைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சிருக்கே. பழைய ஆளோட கட்டம் அப்படியே கரடிக்குள்ள நிக்குது.

— மறந்துட்டேண்ணா. சத்தியமா மறந்துட்டேன். படத்தை எடுத்தா அவன் போயிடுவான்னு நினைச்சேன்.

— நினைச்சியாம்! இது பத்தாதுன்னு எவனோ ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான். நாம முதல்ல பண்ணினதையும் கடைசியாப் பண்ணினதையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டு. போன வருஷம் கண்காட்சியில குடுத்த பிரதி அவன்கிட்ட மாட்டியிருக்கு.

— பாத்தேன்.

— பாத்துட்டுத்தான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கியா? முன்னாடி வீடாம், இப்ப காடாம். முன்னாடி பெல்ட்டோட ஆளு, இப்ப கரடி. முன்னாடி அடிபட்டா பல்லு தெறிச்சு சுவரெல்லாம் ரத்தமாகும், இப்ப தலையைச் சுத்தி நட்சத்திரம் பறக்குது. ஒண்ணு விடாம சொல்றான் கடங்காரன்.

— ஒண்ணு விட்டுட்டான். முன்னாடி பாட்டே கிடையாது. படியில செருப்புச் சத்தம் மட்டும்தான் கேக்கும். இப்ப புல்லாங்குழல்.

— நக்கலா உனக்கு? படிக்கு அடியில முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு பொம்பளை நிப்பாளே, அவ எங்கேன்னு கேக்கறான்.

— அவ நின்ன இடத்துல மரம் வச்சிருக்கேன். அம்மாவுக்கு ஒண்ணும் பெரிசா வேலை மாறலை.

— அம்மாவைப் பத்திப் பேசினே, அறைஞ்சு பல்லைக் கழட்டிடுவேன்.

— அதுல ஒண்ணு ஏற்கெனவே கழண்டுடுச்சு.

— திமிரு. எல்லாம் திமிரு!

— அய்யோ! கீபோர்டை ஏன் போட்டு உடைக்கறே?

— உன் மண்டையில போட்டிருக்கணும்.

— முடியை விடு. அண்ணா, வலிக்குது, முடியை விடு!

— வலிக்கட்டும். இப்படியே திரும்பி திரையைப் பாரு. இந்தப் பழைய ஆளை எதுக்கு ரெண்டு தடவை வரைஞ்சே? உலகத்துல எல்லாரும் ஒரு பக்கம் பாத்து நடக்கறதை வரைவாங்க, மறுபக்கத்துக்கு அதையே கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிப் போட்டுடுவாங்க. நீ மட்டும் அந்தப் பக்கம் நடக்கத் தனியா, இந்தப் பக்கம் நடக்கத் தனியா வரைஞ்சு தள்ளியிருக்கே. மாசக்கணக்கா உனக்கு வேற வேலையே இல்லையா?

— திருப்பிப் போட்டா தப்பாயிடும்.

— என்ன தப்பாயிடும்?

— கை மாறிடும்.

— மாறினா குடி முழுகிடுமா? உண்மையைச் சொல்லு. அது அப்பாதானே?

— முடியை விட்டாச் சொல்றேன்.

— விட்டாச்சு. நீ சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். செத்துப்போன மனுஷனை இப்படி நாலு பேர் காறித் துப்பற மாதிரி நிறுத்தியிருக்கே. ஒட்ட வெட்டின தலை, கிழிஞ்ச நிக்கர், நீ முதல்ல வரைஞ்ச அந்தக் குழந்தை நான்தானே? நான் வாங்கின அடி என்னோட போகட்டும்டி. அதை ஏன் கடை பரப்பறே? என் பொண்ணு பயப்படாம விளையாடணும்னுதானே கரடி போடு, கவுன் போடு, ரிப்பன் கட்டுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்?

— உன் பழைய நிக்கரைத்தான் அம்மா எனக்குப் போட்டு விடுவா. பேன் வருதுன்னு எனக்கும் தலையை ஒட்டத்தான் வெட்டி விடுவா.

— இப்ப அதுக்கு என்ன?

— ஒண்ணுமில்ல. கட்டத்தைச் சுருக்கித் தரேன், கொஞ்ச நேர வேலை. அதுக்கு முன்னாடி ஒரு ஆட்டத்தைப் பாரு. பதிவு பண்ணி வச்சிருக்கேன். இந்தப் படிக்கட்டை அடி வாங்காமத் தாண்டினது ஒரே ஒரு ஆள்தான்.

— போடு, பாப்போம். எல்லாரும் மாதிரிதானே வர்றான்.

— இரு. இப்ப கரடி நின்னுடுச்சா? தேனை நக்குது. மத்தவங்க எல்லாம் இதுதான் சமயம்னு இங்க ஓடி வந்து சாவாங்க.

— ஏன், இங்க என்ன?

— பழைய ஆள் இங்க நின்னுதான் பெல்ட்டைக் கழட்டுவான்.

— இவன் ஓடலையே. அட, கரடிகிட்டயே போறான்! லூசுப் பய. இப்ப வாங்கப் போறான் பாரு. டேய்... வலது காலை ஒட்டிக் குந்திட்டான்! அடி விழலையே? அங்க கட்டம் இல்லையா?

— அங்க மட்டும் இல்ல. அவ்வளவு கிட்ட வந்துட்டா பெல்ட்டை வீச இடம் இருக்காது. அதுவும் வலது கால்னா, கை உடம்பைச் சுத்தி வரணும். எட்டாது.

— பயலுக்கு மூளைடி! எத்தனை தடவை செத்துட்டுக் கண்டுபிடிச்சான்?

— முதல் தடவையே. யோசிக்கக்கூட இல்ல. கரடி நின்னதும் நேரா அங்க.

— யாரு இவன்? கூப்பிடு, வேலைக்கு வச்சுக்கலாம்.

— சொல்றேன். அது நான் கண்டுபிடிச்சு வச்சிருந்த இடம். யார்கிட்டயும் சொன்னதில்ல.

— நீ எதுக்குக் கண்டுபிடிக்கணும்? அப்பா உன்மேல ஒரு விரல் வச்சதில்லையே.

— வச்சதில்லதான்.

— அப்புறம் என்ன கதை விடறே?

— அப்பா வலது கைக்காரர்ணா. அவர் அடிக்கும்போது போய் அந்தக் காலைக் கட்டிக்கிட்டா முதுகு பிளந்துடும். உனக்குத் தெரியாததா?

— வாயை மூடு.

— அதான் ரெண்டு தடவை வரைஞ்சேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் பெல்ட்டு இடது கையிலயே இருக்கணும்னு.

— வாயை மூடுன்னு சொல்றேன்ல! இன்னைக்கு உன்னை உயிரோட...

— அடி. அந்த ஹெட்போன் வயரை நீ எந்தக் கையில சுத்திக்கிட்டு நிக்கறேன்னு ஒரு தடவை பாத்துட்டு அடி.

— இடது கை.

— கீழ போடு. போட்டியா? உக்காரு. தண்ணி குடி.

— அப்ப எனக்கு என்னடி வயசு? அவரு என்னைப் போட்டு மிதி மிதின்னு மிதிச்சுட்டுப் படுத்துடுவாரு. எனக்கு உடம்பெல்லாம் எரியும். நான் யார்மேல காட்டுவேன்? நீதான் கைக்கு எட்டற தூரத்துல இருந்தே.

— தெரியும்ணா.

— உன்னை அடிச்ச அந்த ஆள் எப்பவோ போயாச்சு. கல்யாணம் ஆச்சு, குழந்தை பொறந்துது, நாலு பேருக்கு வேலை குடுக்கறேன். அவன் இப்ப இல்லடி.

— நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கையிலதான் கட்டத்தைப் பாக்காம விட்டேன். நேத்து வரைக்கும்.

— இப்ப என்ன வேணும் உனக்கு? கால்ல விழணுமா? விழறேன்.

— வேண்டாம். நீ ஒண்ணு கேட்டே, அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலை.

— என்ன கேட்டேன்?

— இவன் யாருன்னு.

— ஆமா. யாரு?

— இவன் இல்ல. நேத்து பள்ளிக்கூடம் விட்டதும் அத்தை வீட்டுக்குப் போறேன்னு என்கிட்ட வந்து விளையாடினாளே, உன் பொண்ணு.