கத்தாத பெட்டி

கேள்வி புரியுது தம்பி, திருப்பித் திருப்பிச் சொல்லாதே. இந்தச் செயற்கை மூளையால கம்பெனிக்கு ஆதாயம் உண்டா, இல்லியா. அதானே? அதுக்குன்னே அல்ஜியர்ஸ்லேர்ந்து உன்னை அனுப்பியிருக்காங்க. உக்காரு. டீ ஆறுது.

என் பேரா? புஜெமா. இந்த எஞ்சின் ரூமுக்கு மேஸ்திரி. எழுதிக்க.

பேரீச்சம்பழக் கிடங்கு இது. குளிருக்கு வேண்டி குழாய் பூரா அமோனியா ஓடுது. முன்னெல்லாம் நாங்க நாலு பேரு மூக்காலயே காவல் காத்தோம். இப்ப அந்தச் செவுத்துப் பெட்டி மோந்து பாக்குது. கசிஞ்சா கத்தும். தானே கத்துக்கிற மூளையாம்.

ஆமா, உன் கம்ப்யூட்டர்ல இருக்கறது சரிதான். வச்ச புதுசுல சாயங்காலமானா கத்தும், தப்புக் கூச்சல்னு பதிவாகும். இப்ப கத்தறதே இல்ல. தப்புக் கணக்கும் இல்ல. உங்க டைரக்டருக்கு ஒரே குஷி.

ஏன் நின்னுச்சுன்னு கேட்டியா? கேக்க மாட்டே.

அதை வச்சது நோன்பு மாசம். அந்த மாசம் எஞ்சின்ல எண்ணெய் வடிக்கறது மஃரிபுக்குத்தான், பொழுது சாயற தொழுகை நேரத்துக்கு. பாங்கு சொன்னா எல்லாரும் நோன்பு திறக்கப் போயிருவாங்க, எஞ்சின் சும்மா கிடக்கும். வடிக்கையில கொஞ்சம் வாயு வரத்தான் செய்யும். பெட்டி கத்தும். பகலெல்லாம் தண்ணிகூடக் குடிக்காதவன், வாயில பழம், கையில மோர், எவன் எந்திரிச்சுப் பாப்பான்? தப்புக் கூச்சல்னு சொல்ல அதுலயே ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கிட்டு சூப்புக்குப் போயிருவோம். தெனமும். பெருநாள் வரைக்கும்.

அந்த நேரத்து வாயு பொய்னு கத்துக்கிச்சு.

சேச்சே, மத்த நேரம் நல்லாத்தான் கத்துது. காலைல சோதிச்சுப் பாத்தேன், தெருவே திரும்பிப் பாத்துச்சு. பொழுது சாயற நேரம் மட்டும் அதுக்கு மூக்கடைப்பு.

சொல்லாம இருப்பேனா? சொன்னேன். கிழவனுக்கு வேலை போற பயம்னு சிரிச்சார் டைரக்டர். வேலை போனாப் போவட்டும்யா! செவுத்துக்கு அந்தப்பக்கம் பழம் பொறுக்கற பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க. என் மருமகளும் அங்கதான். நாளைக்கு நீ ஆதாயம்னு எழுதிட்டா நாங்க நாலு பேரும் வீட்டுக்கு. அப்பறம் சாயங்காலம் கசிஞ்சா அவங்களுக்கு யாரு சொல்றது?

இல்ல, இன்னிக்கு அங்க யாரும் இல்ல. நேரத்தோட அனுப்பிட்டேன்.

பாங்கு கேக்குதா?

கண்ணு எரியுதா? எனக்குந்தான். நீ கணக்கு பாத்துக்கிட்டு இருக்கையில வால்வை லேசாத் தளத்தி விட்டேன். பெட்டியப் பாரு. பச்சை விளக்கு.

முகமூடியா? இருக்கு. வெளியில.

கதவை இழுக்காதே தம்பி, வெளித்தாழ் போட்டிருக்கு. அஸ்ஸூஸ் நிக்கறான். எங்க நாலு பேர்ல ஒருத்தன். நீ கூப்பிட்டாலும் தொறக்க மாட்டான், நான் கூப்பிட்டாலும் தொறக்க மாட்டான். பெட்டி கத்தினா தொறன்னு சொல்லியிருக்கேன்.