பார்ட்னரையும் கூட்டிட்டு வாங்க

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண் டாக்டர்கள். மடியிலிருந்த பைகளில் ‘பால்வினை நோய் சிகிச்சைப் பயிற்சி’ என்று அச்சடித்திருந்தது. அதைப் படித்தவர்களெல்லாம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் காதைக் கொடுத்தேன்.

“வகுப்புல எதுக்குச் சிரிச்ச?” என்றார் மூத்தவர்.

“பார்ட்னருக்கும் சேத்து மருந்து குடுக்கணும்னு சொன்னாங்கல்லக்கா, அதுக்குத்தான். போன மாசம் மீன்பிடி போட்டு வச்சிருக்க ஒரு போட்டுக்காரர், ஒண்ணுக்குப் போனா எரிச்சல்னு வந்தாரு. மாத்திரை குடுத்து, பார்ட்னரையும் கூட்டிட்டு வாங்கன்னேன். மறுநாளே கூட்டிட்டு வந்தாரு. பெரிய மீசை.”

“ஆம்பளையா?”

“போட்டுல பாதிப் பங்கு அவருக்கு. இங்கன பார்ட்னர்னா அதுதானக்கா.”

மூத்தவர் சிரித்த சிரிப்பில் பை கீழே விழுந்தது.

“தப்பாயிருச்சு, ரெண்டு பேரும் போங்கன்னு சொன்னேன். போட்டுக்காரர் வெளிய போனதும் மீசைக்காரர் கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தாரு. ‘எனக்கும் அதே எரிச்சல்தான் டாக்டர். அவன்கிட்ட சொல்லிறாதீக’ன்னாரு.”

“அப்புறம்?”

“ரெண்டு பேருகிட்டயும் தனித்தனியா, வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னு தெளிவா சொன்னேன்.”

“கூட்டிட்டு வந்தாங்களா?”

“ஆம்பளைங்க எங்க வந்தாங்க. ரெண்டு வீட்டம்மாவும் ஒரே ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. ‘எங்களுக்கு மருந்தக் குடுங்க டாக்டர். கடலுக்குப் போனவுக கரைக்கு வரட்டும், நாங்க பாத்துக்கிறோம்’னாங்க.”