அவர் ஏன் மேலே ஓடினார்

மத்தி மீனை எந்தக் கரியிலும் சுடலாம். ஆனால் மலைப்புதரின் வேரைக் குழியில் மூட்டம் போட்டு எடுத்த கரியில் சுட்டால் ருசியே வேறு. பிரான்சுக்குப் பிழைக்கப் போன எங்கள் மலையூர்க்காரர்கள் ஆகஸ்டில் திரும்பும்போது, மாதா திருவிழாவில் அந்த வாசனையைத்தான் முதலில் தேடுவார்கள்.

வக்கீல் அம்மா, என் தங்கை ஒத்தீலியா தனக்கு வந்த நஷ்டஈட்டை ஏன் இன்னும் வங்கியிலிருந்து எடுக்கவில்லை என்று கேட்டு எனக்குக் கடிதம் போட்டிருந்தீர்கள். காட்டுத் தீக்குப் பிறகு, ஐம்பத்தெட்டு வயதில்தான் நான் எழுத்துக் கற்றேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் மூட்டம் போடக் கூடாது என்பது சட்டம். எனக்கும் தெரியும், ஆனாலும் தீ வந்த வருஷமும் மலைமேல் ஒன்று போட்டேன். வேரில் தணல் பிடித்ததும் மண்ணைப் போட்டு மூடிவிட்டு இரண்டு நாள் தொடாமல் விட வேண்டும். இடையில் தண்ணீர் ஊற்றினால் பாதிக்குப் பாதி வீண். திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், தங்கையின் கணவர் வால்தெமார் அந்தப் பக்கம் வந்தார். நானும் அவரும் முப்பது வருஷம் ஒன்றாக யூக்கலிப்டஸ் மரம் வெட்டியவர்கள்.

“மச்சான், மூட்டம் ஓரமாப் புகையுது. ரெண்டு கேன் தண்ணிய ஊத்திடு.”

“ஊத்திட்டு? திருவிழாவுக்கு உன் தலையிலயா மாப்ள மீன் சுடறது?”

“என் தலையில முடியாச்சும் இருக்கு. உன் தலையில மீனு வழுக்கிக் கீழ விழுந்துடும்” என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “நாளைக்குக் காத்து அடிக்கும்னு ரேடியோல சொல்றான்.”

“அவன் என்னைக்குச் சரியாச் சொல்லியிருக்கான்?”

மறுநாள் மதியம் காற்று அடித்தது. நாங்கள் இருவரும் சாலையோரம் நின்றிருந்தோம். மேலே புகை எழுந்தது. ஊரே கீழே ஆற்றுப்பக்கம் ஓடியது. “மச்சான், மூட்டம்!” என்று கத்திவிட்டு வால்தெமார் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார். மூட்டம் என்னுடையது. நான் கீழே ஓடினேன்.

பதினொரு பேர் செத்தார்கள். பத்துப் பேர் சாலையில் கிடந்தார்கள். அவர் மட்டும் மலைமேல்.

அதே காற்றில் ஒரு மின்கம்பியும் அறுந்து விழுந்திருந்தது. அதனால்தான் தீ என்று எல்லோரும் நம்பினார்கள். நான் மறுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து லிஸ்பனிலிருந்து மின்சார நிறுவனத்தார் வந்து, ஆளையோ வீட்டையோ இழந்த ஒன்பது குடும்பமும் சம்மதித்தால் வழக்கில்லாமல் பணம் தருவதாகச் சொன்னார்கள். எட்டுக் குடும்பம் கையெழுத்துப் போட்டது. எட்டில் என்னுடையதும் ஒன்று. ஒத்தீலியா மட்டும் போடவில்லை.

“பணத்த வச்சு நான் என்ன பண்ண? எல்லாரும் கீழ ஓடுறப்ப இந்த மனுஷன் ஏன் மேல ஓடினாரு? கோர்ட்ல யாராச்சும் அதச் சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றாள்.

அண்ணன்தானே, எடுத்துச் சொல்லுங்கள் என்று நீங்கள்தான் என்னை அனுப்பினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. வழக்கு நடந்தால் அவர் கிடந்த இடத்தைத் தோண்டிப் பார்ப்பார்கள். அது இருக்கட்டும். எட்டுக் குடும்பமும் தகரக் கொட்டகையில் கிடந்தன. குளிரில் குழந்தைகள் இருமிக்கொண்டே இருந்தன. நான் அவர்களைத்தான் நினைத்தேன்.

அன்று முட்டைக்கோஸ் சூப் வைத்திருந்தாள். “குடிண்ணே, ஆறிடும்” என்றாள். குடித்துவிட்டுச் சொன்னேன்.

“உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவரு உன் ஆட்டுக்காகத்தான் போனாரு. ஆடு மேல நிக்குதே, அவ அழுவாளேன்னு சொல்லிட்டே ஓடினாரு.”

காலிக் கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள்.

“நான்தானே அன்னைக்கு அவுத்து மேல வெரட்டி விட்டேன்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “நாலு ஆடும் சாயங்காலம் தானா வீட்டுக்கு வந்துடுச்சேண்ணே.”

ஆமாம் என்றேன்.

மறுநாள் உங்கள் மேசையில் கைநாட்டு வைத்தாள். விரலைப் பிடித்து மையில் அழுத்தியது நான். நீங்களும் பார்த்தீர்கள்.

அந்த வாரமே நாலு ஆட்டையும் காசு வாங்காமல் கறிக்கடைக்காரனிடம் ஓட்டிவிட்டாள். வங்கிக்கு மட்டும் வர மறுக்கிறாள். “புருஷனக் கொன்னவளுக்கு எதுக்குண்ணே அவரு காசு?” என்கிறாள். நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

மூட்டம் போட்டது நான். தண்ணீர் ஊற்றாதது நான். அவளிடம் பொய் சொன்னதும் நான். மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. விறகு பிளந்து கொடுக்கிறேன். ஞாயிறு பூசைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகிறேன். நான் ஒருவன் இருப்பதால்தான் உயிரோடு இருப்பதாக அவளே ஊரில் சொல்கிறாள்.

போன வாரம் கோயில் படியில் நின்று கேட்டாள்: “அண்ணே, மேல ஓடுறப்ப என்மேல கோவமா இருந்தாரா?”

இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தார் என்று சொல்லும் அளவுக்குக் கல்நெஞ்சக்காரன் இல்லை நான்.