அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காத ஒன்பது பேர்

எங்கள் திட்ட மேலாளர் அவர்களே! மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் தனியறையில் இருந்த தனி மனிதரே! எல்லா அறைகளிலும் போய் அமர்ந்து, எந்த அணியிலும் போய் அமராதவரே! வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுப் பணி முடித்து இன்று விடைபெறுகிறீர்கள். பொறுமை, நேர்மை, நிதானம் என்று மேடையில் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நாங்கள் பார்த்ததை மட்டும் சொல்கிறோம்.

மேல்மாடியில் நிர்வாகத் தலைவர், கீழ்மாடியில் கணினிப் பிரிவுத் தலைவர். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் நாள் நீங்கள் தனியாக மாடி ஏறி இறங்கினீர்கள். ஒருவருடைய வசவை உங்களோடு வைத்துக்கொண்டு, அவருடைய சம்மதத்தை மட்டும் மற்றவரிடம் கொண்டுபோனீர்கள். மறுநாள் பத்தே நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். யாரோடு தேநீர் குடித்தாலும் அது அடுத்த மாடியில் செய்தியாகிவிடும் என்பதால், அதையும் தனியாகவே குடித்தீர்கள். "அவரு மேல்மாடி ஆளுப்பா" என்று கீழேயும், "கீழ இருந்து வேவு பார்க்க வர்றாரு" என்று மேலேயும் பேசினார்கள். தலைக்கனம் பிடித்தவர் என்று நாங்களும் பேசினோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நோயாளிகளின் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றினோம். மூவாயிரம் பதிவுகளைச் சரிபார்க்கச் சொன்னீர்கள். முந்நூறைப் பார்த்துவிட்டு 'முடிந்தது' என்று எழுதிக் கொடுத்தோம். புதிய கணினி முறையின் தொடக்க நாளுக்கு முதல் நாள் இரண்டு நோயாளிகளுடைய பதிவுகள் ஒன்றாகக் கலந்திருந்தது தெரியவந்தது. தொடக்கம் ஆறு வாரம் தள்ளிப்போனது.

"யார் தப்பு இது?" என்று மேல்மாடித் தலைவர் மேசையைத் தட்டினார். எங்கள் பிரிவையே இழுத்து மூட அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. உங்களுக்கோ துணை இயக்குநர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"சரிபார்க்க நாள் பத்தலைங்க. தேதியைத் தப்பா குறிச்சது நான்தாங்க," என்றீர்கள்.

ஒன்பது பேரும் தலையைக் குனிந்து குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதவி வேறொருவருக்குப் போனது.

மறுநாள் எங்களில் மூத்தவர் உங்கள் அறைக்கு வந்தார். "சார், நாங்க உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"சொல்லி என்ன ஆகப்போவுது? போய் மிச்சத்தைப் பாருங்க. இந்தத் தடவை மூவாயிரத்தையும் பாருங்கய்யா."

'சொல்லி என்ன ஆகப்போவுது' என்று நீங்கள் சொன்னதையே சாக்காக்கிக்கொண்டு நான்கு ஆண்டுகள் நிம்மதியாகச் சம்பளம் வாங்கினோம்.

இன்று காலை ஒன்பது பேரும் கையெழுத்திட்டு இயக்குநரிடம் கடிதம் கொடுத்துவிட்டோம். போன பதவி திரும்பாது. ஆனால் உங்கள் பணிக்கோப்பில் 'மேலாளரின் பிழை' என்ற வரிக்கு அடுத்து எங்கள் கடிதமும் இருக்கும். விசாரணை வந்தால் வரட்டும்.

யாரையும் சமாதானப்படுத்த வேண்டியிராத காலைப் பொழுதுகள் உங்களுக்கு வாய்க்கட்டும். நோய்நொடியின்றிப் பல்லாண்டு வாழுங்கள்! ஒன்றே ஒன்று கேட்கிறோம். 'பரவாயில்லை' என்று சொல்ல அவசரப்படாதீர்கள். கொஞ்ச நாள் எங்களுக்கும் உறுத்தட்டும்.

இவண்,
சரிபார்ப்புப் பிரிவு ஊழியர்கள் ஒன்பது பேர்